கண்ணால் காண்பதும் பொய்... ஏன்?

அடுத்த பௌர்ணமிக்கு ஆபீஸ் விட்டதும் நேரே சாந்தோம் கடற்கரைக்குப் போங்கள். சட்டைப் பையில், பின்பக்கம் ரப்பர் வைத்த பென்சில் ஒன்று இருக்கட்டும். காதலியோ மனைவியோ கூட வந்தால் நல்லது. இரண்டு பேரும் சேர்ந்து வந்துவிட்டால் நான் பொறுப்பல்ல!

சாந்தோம் சர்ச்சுக்குப் பின்னால் கடலும் வானமும் சேர்கிற இடத்தில் நிலா மெள்ள எழும்பும். அடேயப்பா, கல்யாணத் தாம்பாளம் சைஸ்! இப்போது பென்சிலைப் பிடித்துக் கையை நன்றாக நீட்டுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரப்பர் முனையை நிலாவுக்கு நேரே கொண்டு போங்கள். மொத்த நிலாவும் ரப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ராத்திரி பத்து மணிக்கு, நிலா நன்றாக மேலே ஏறி எட்டணா சைஸுக்கு இளைத்த மாதிரி தெரியும்போது மறுபடி செய்து பாருங்கள். அதே ரப்பர், அதே மறைப்பு. நிலா இளைக்கவே இல்லை! சொல்லப்போனால், கடல் விளிம்பில் இருக்கும்போதுதான் அது நம்மிடமிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. அதனால் ஒன்றரை சதவிகிதம்போல சிறியதாகத்தான் தெரிய வேண்டும்.

காற்று மண்டலம் பூதக்கண்ணாடி மாதிரி பெரிதாக்கிக் காட்டுகிறது என்று ரொம்ப நாள் நம்பினார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இபின் அல் ஹைதம் என்ற அரபு விஞ்ஞானி 'கோளாறு காற்றில் இல்லை, பார்க்கிறவனின் மனசில் இருக்கிறது' என்று கண்டுகொண்டார். தொடுவானம் ரொம்ப தூரம் என்று மூளை கணக்குப் போடுகிறது. 'அவ்வளவு தூரத்தில் இருந்தும் இந்த அளவு தெரிகிறதென்றால், அப்பா, எவ்வளவு பெரிசா இருக்கணும்!' என்று தானாகவே ஊதிக் காட்டுகிறது. இதுதான் முழுக் காரணமா என்று விஞ்ஞானிகள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒன்று: கண் காமிரா இல்லை. கண் அனுப்புவது துண்டு துண்டுத் தகவல். படம் வரைகிற ஓவியர் மூளை. அவருக்கோ கற்பனை கொஞ்சம் ஜாஸ்தி!

இட்லித் தட்டும் இல்லாத கையும்

இந்த ஓவியரின் குட்டுகளை உடைத்தவர்களில் முக்கியமானவர் நம்ம ஊர்க்காரர். 1951-ல் பிறந்த வி.எஸ். ராமச்சந்திரன். அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரின் பேரன். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் டாக்டருக்குப் படித்து, கேம்பிரிட்ஜ் போய், அப்புறம் அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் பேராசிரியர் ஆனவர். 2007-ல் பத்மபூஷண்.

வெளிச்சமும் நிழலும் மூளையை எப்படி ஏமாற்றுகின்றன என்று 1980-களில் அவர் ஆராய்ந்தார். அதை நம் சமையலறையிலேயே சோதிக்கலாம். மேலே விளக்கு எரியும்போது, இட்லித் தட்டை நிமிர்த்தி வைத்து ஒரு போட்டோ எடுங்கள். போட்டோவைத் தலைகீழாகத் திருப்புங்கள். குழியெல்லாம் இட்லி மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும்! கோடானுகோடி வருஷமாக சூரியன் மேலேயிருந்துதானே அடிக்கிறது? 'வெளிச்சம் மேலிருந்துதான் வரும்' என்று மூளை கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறது. அதனால், மேல் விளிம்பில் நிழல் இருந்தால் குழி, கீழே நிழல் இருந்தால் மேடு!

இதாவது வேடிக்கை. அடுத்தது வேதனை. விபத்தில் கையை இழந்தவர்கள் பலருக்கு, இல்லாத கை இருப்பதாகவே தோன்றும். அரிக்கும், வலிக்கும். சிலருக்கு, விரல்களை இறுக்கி முஷ்டி பிடித்த மாதிரி, நகம் உள்ளங்கையில் குத்துகிற மாதிரி தாங்க முடியாத வலி. நகமும் இல்லை, உள்ளங்கையும் இல்லை. ஆனால் வலி மட்டும் நிஜம்! 'பிரமை' என்று வீட்டார் சொல்லும்போது அந்த மனுஷன் என்ன பாடுபட்டிருப்பான்?

1990-களின் தொடக்கத்தில் ராமச்சந்திரன் அப்படி ஒரு இளைஞரின் கண்ணைக் கட்டிவிட்டு, பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னத்தைத் தொட்டார். 'என் கட்டை விரலைத் தொடுகிறீர்கள்' என்றாராம் அவர், போன கையின் கட்டை விரலை! காரணம், மூளையில் உடம்புக்கு ஒரு வரைபடம் இருக்கிறது. அதில் கைக்குப் பக்கத்து வீடு முகம். கையிலிருந்து தகவல் வருவது நின்றதும், காலியான வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் குடியேறிவிட்டார்!

வலிக்கு அவர் கண்டுபிடித்த வைத்தியம் இன்னும் எளிமை. ஒரு பெட்டி, நடுவில் நிற்க வைத்த முகம் பார்க்கும் கண்ணாடி. நல்ல கையை ஒரு பக்கம் நுழைத்து, கண்ணாடியைப் பார்க்க வேண்டும். பிம்பம் தெரிவது, போன கை திரும்பி வந்த மாதிரியே இருக்கும். நல்ல கையை விரித்தால், இல்லாத முஷ்டியும் விரியும். எல்லோருக்கும் பலிக்கவில்லை. ஆனால் வருஷக் கணக்காகத் துடித்த சிலருக்கு அந்த இறுக்கம் விட்டது. பொய் சொன்ன மூளைக்கு இன்னொரு பொய்யே மருந்து!

ஐந்தரை மணிக்குக் கடிகாரம் ஏன் நிற்கிறது?

ஆபீஸில் சுவர்க் கடிகாரத்தைச் சட்டென்று திரும்பிப் பாருங்கள். விநாடி முள் ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டு அப்புறம் நகர்கிற மாதிரி தெரியும். மானேஜர் செய்த சதி இல்லை, சார்! நம் கண் விநாடிக்கு மூன்று தடவைபோலத் தாவிக்கொண்டே இருக்கிறது. தாவுகிற நேரத்துப் படத்தை மூளை கத்தரித்து எறிந்துவிடுகிறது. இல்லாவிட்டால் உலகமே கலங்கித் தெரியும். கத்தரித்த இடத்தில், தாவி முடித்ததும் பார்த்த காட்சியை இழுத்து ஒட்டிவிடுகிறது. 2001-ல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துக் காட்டினார்கள். அதனால்தான் முதல் விநாடி மட்டும் நீளம்!

நம்பிக்கை இல்லையா? கண்ணாடியில் உங்கள் இடது கண்ணைப் பாருங்கள், பிறகு வலது கண்ணை. கண் நகர்வது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்கிறவருக்கு ஸ்பஷ்டமாகத் தெரியும்.

இனிமேல்தான் விஷயமே!

இத்தனை கதையும் எதற்கு? பைக்கில் போகிற உங்களுக்காகத்தான்.

சாந்தோம் நெடுஞ்சாலையில் ஒரு குறுக்குத் தெருவிலிருந்து கார் மூக்கை நீட்டுகிறது. டிரைவர் வலது பக்கம் படக்கென்று ஒரு பார்வை, இடது பக்கம் ஒரு பார்வை, கிளம்பிவிடுகிறார். அவர் கண் தாவிய இடைவெளியில், கத்தரித்து எறிந்த துண்டில், நீங்கள் இருந்திருக்கலாம்! 'நான் பார்த்தேன் சார், யாருமே இல்ல' என்று அப்புறம் சொல்வார். பல சமயம் அது பொய்யில்லை. அவருடைய மூளை சொன்ன பொய்.

உங்களைப் பார்த்துவிட்டாலும் இன்னொரு ஆபத்து. வருகிற வண்டி எவ்வளவு பெரிதாகிக்கொண்டே வருகிறது என்பதை வைத்துத்தான் மூளை நேரத்தைக் கணிக்கிறது. பஸ் பூதாகாரமாக வளரும். ஒல்லியான பைக் அப்படி வளராது. ஒரே வேகத்தில் வந்தாலும், பைக் வர இன்னும் நேரமிருக்கிறது என்று தோன்றும். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரு விநாடிக்குள் நீங்கள் கிட்டத்தட்ட 17 மீட்டர் வந்துவிடுவீர்கள்.

மூன்றாவது பொய் உங்கள் மூளையே உங்களுக்குச் சொல்வது. ஈ.சி.ஆரில் அரை மணி நேரம் 80-ல் பறந்துவிட்டு அடையாறு வழியாக ஊருக்குள் நுழையும்போது, 50-ல் போனால்கூட மாட்டு வண்டி மாதிரி இருக்கும். மீன் ஸ்டால் பக்கம் பத்து நிமிஷம் நின்றால் வாசனை மறந்து போகிறதல்லவா? அதே மாதிரி வேகமும் பழகிப்போய்விடுகிறது.

பரிகாரம் ரொம்ப சுலபம். ஊருக்குள் நுழைந்ததும் ஸ்பீடாமீட்டரைப் பாருங்கள், மனசைக் கேட்காதீர்கள். 2017 ஏப்ரல் முதல் புது டூ வீலர்களில் பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும் என்பது சட்டம். பழைய வண்டி என்றால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 'லைட் எரியுது!' என்று கை காட்டுகிறவர்களுக்கு ஒரு புன்னகை போதும். ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்குக்கு மாட்டாமல் தலைக்கு மாட்டுங்கள். கார் ஓட்டும்போது, கிளம்புவதற்கு முன் இரண்டாவது தடவை, நிதானமாக, வலது பக்கம் பாருங்கள்.

'தீர விசாரிப்பதே மெய்' என்று பெரியவர்கள் முடித்தார்களே, ரோட்டில் அதற்கு அர்த்தம் அந்த இரண்டாவது பார்வைதான்.