பள்ளத்து வயலுக்கு முதல் விதை

பருவநிலை மாறி, ஒரு மாதத்து மழை இரண்டே நாளில் கொட்டும் காலம் இது. தண்ணீரில் மூழ்கிய நெல் மூச்சு முட்டி, மேலே வந்துவிடத் துடித்து நெடுநெடுவென வளரும். தண்டில் இருக்கும் சத்தெல்லாம் அதிலேயே தீர்ந்துபோகும். வெள்ளம் வடியும்போது நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்து அழுகிவிடும்.

ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ ரகம் அப்படியல்ல. தண்ணீர் மூடியதும் வளர்ச்சியை நிறுத்திச் சத்தைச் சேமித்துக்கொள்ளும், வடிந்தபின் துளிர்க்கும். இதற்குக் காரணமான சப்1ஏ மரபணுவை 2006-இல் கண்டறிந்தார்கள். விவசாயிகள் ஏற்கெனவே விரும்பிப் பயிரிட்ட ஸ்வர்ணா ரகத்தோடு கலப்புச் செய்து அதைச் சேர்க்க, 2009-இல் 'ஸ்வர்ணா சப்1' வெளிவந்தது. நம் காவிரி டெல்டாவுக்கு வந்த சி.ஆர்.1009 சப்1 ரகமும் இதே வழியில் உருவானதுதான்.

2011-இல் ஆய்வாளர்கள் ஒடிசாவில் 128 கிராமங்களை எடுத்துக்கொண்டு, பாதிக் கிராமங்களில் சில விவசாயிகளுக்குத் தலா 5 கிலோ ஸ்வர்ணா சப்1 விதை கொடுத்துப் பார்த்தார்கள். அவ்வாண்டே வெள்ளம் வந்தது. பத்து நாள் மூழ்கிய வயலிலும் பழைய ஸ்வர்ணாவைவிட 45 சதவீத அளவுக்கு மகசூல் கூடுதலாகக் கிடைத்தது. அதைவிட முக்கியமான ஒன்று அந்த ஆய்வில் இருக்கிறது. தலித் மக்களின் நிலங்கள் மற்றவர்களுடையதைவிட அதிகமாக, அடிக்கடி மூழ்கும் பள்ளத்தில் இருக்கின்றன. மேட்டு நிலம் யாருக்குப் போனது, பள்ளம் யாருக்கு மிஞ்சியது என்பதை நாம் விளக்கவா வேண்டும்? அதனால் இந்த விதையின் பலனும் அவர்களுக்கே அதிகம்.

மறு ஆண்டு நடந்ததைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். விதை பெற்றவர்கள் கூடுதல் நிலத்தில் பயிரிட்டார்கள், உரம் கூட்டினார்கள், வெறும் தெளிப்பை விட்டு நடவுக்கு மாறினார்கள். முழுகினாலும் மொத்தமும் போகாது என்ற நம்பிக்கை, சிறு விவசாயியைத் துணிந்து செலவு செய்ய வைத்திருக்கிறது.

நம் பயிர்க் காப்பீடு அந்த நம்பிக்கையைத் தருவதில்லை. மகசூல் இழப்பைக் கிராமத்துச் சராசரியை வைத்துக் கணக்கிடுகிறார்கள். மேட்டு வயல்கள் விளைந்துவிட்டால், அழுகிப்போன பள்ளத்து அரை ஏக்கர் சராசரிக்குள் காணாமல் போய்விடுகிறது. இதைத் திருத்தியே ஆக வேண்டும்.

விதைக்கும் எல்லை உண்டு. இரண்டு வாரம் போலத் தாங்கும். அதற்கு மேலும் தண்ணீர் நின்றால் சப்1 நெல்லும் தப்பாது. நாகையிலும் மயிலாடுதுறையிலும் வடிகால் தூர்ந்து கிடந்தால் எந்த ரகம் நட்டு என்ன பயன்? ஐப்பசி மழைக்கு முன்பே தூர்வாரி முடிக்க வேண்டும், அதுவும் கடைமடையிலிருந்து தொடங்கி.