ஒரு பொட்டு மருந்தும் ஆயிரம் கஜம் பஞ்சாயத்தும்!

தீபாவளிக் கேப் துப்பாக்கி ஞாபகம் இருக்கிறதா? ஒரு சின்னப் பொட்டு, அதில் கடுகளவு மருந்து, மேலே ஒரு தகரம் வந்து தட்டினால் 'டப்!' அவ்வளவுதான் விஷயம். நிஜ ரைஃபிள் தோட்டாவின் பின்பக்கத்திலும் இதே ஜாதி சமாசாரம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பெயர் ப்ரைமர். பெரிய சைஸ் ப்ரைமரே குறுக்களவில் 5 மில்லிமீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டும். சட்டைப் பொத்தானில் பாதி!

இந்தப் பாதிப் பொத்தானுக்காக அமெரிக்காவில் பெரிய பட்டிமன்றமே நடக்கிறது. அங்கே ஏராளமான பேர் தோட்டாவை ரெடிமேடாக வாங்குவதில்லை. பித்தளைக் குப்பி, மருந்து, குண்டு, ப்ரைமர் என்று நாலையும் தனித்தனியாக வாங்கி, தராசில் நிறுத்து, வீட்டிலேயே அடைக்கிறார்கள். ஹேண்ட்லோடிங் என்று பெயர். நம்ம வீட்டு மாமிகள் காபிப்பொடியில் சிக்கரி எவ்வளவு என்று வாதாடுவார்களே, அதே உக்கிரத்தோடு இவர்கள் வாதாடுவது, 'எந்த ப்ரைமர் போட்டால் குறி தப்பாது?'

(ஆர்வக்கோளாறு பிரதர்ஸ் கவனிக்க: நம் நாட்டில் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரித்தால் மாமியார் வீடுதான். படித்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.)

வாத்து செய்த உபகாரம்

இந்த விவகாரத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் ஒரு பாதிரியார். ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்ற ஊர், அலெக்ஸாண்டர் ஃபோர்ஸித் என்று பெயர். ஞாயிறு பிரசங்கம் போக மீதி நேரத்தில் பறவை வேட்டை. அந்தக் காலத்துத் துப்பாக்கியில் சிக்கிமுக்கிக் கல் உரசி, வெளியே மருந்து பளிச்சென்று எரிந்து, அப்புறம்தான் குண்டு கிளம்பும். அந்தப் பளிச்சைப் பார்த்ததுமே வாத்துகள் 'வர்றோம் சாமி' என்று பறந்துவிடும். கடுப்பான பாதிரியார், தட்டினாலே வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கிக்குள் கொண்டுவந்து 1807-ல் பேட்டண்டும் வாங்கிவிட்டார்.

1866-ல் இன்னொரு வேடிக்கை. அமெரிக்கரான பெர்டான் ஒரு ப்ரைமர் கண்டுபிடித்தார். இங்கிலாந்துக்காரரான பாக்ஸர் இன்னொன்று. பெர்டான் சரக்கு ஐரோப்பாவில் பரவியது, பாக்ஸர் சரக்கு அமெரிக்காவில் கொடி நாட்டியது. அவரவர் பிள்ளை அடுத்தவர் வீட்டில் வளர்ந்த கதை. பாக்ஸர் வகைக் குப்பியில் நடுவே ஒரே ஓட்டை. ஒரு கம்பியை விட்டுப் பழைய ப்ரைமரைத் தள்ளிவிடலாம். பெர்டான் வகையில் ஓரமாக இரண்டு ஓட்டைகள், கழற்றுவது பெரும்பாடு. வீட்டில் தோட்டா அடைக்கும் பொழுதுபோக்கு அமெரிக்காவில் செழித்ததற்கு இந்த ஒற்றை ஓட்டையும் ஒரு காரணம்.

உள்ளே நடப்பது என்ன?

விசையை இழுத்ததும் ஒரு ஊசி வந்து ப்ரைமரின் முதுகில் குத்துகிறது. உள்ளே இருக்கும் மருந்து, பட்டறைக்கல் மாதிரி ஒரு சின்ன உலோகத் துண்டின் மேல் நசுங்கி வெடிக்கிறது. அந்த நெருப்பு ஓட்டை வழியே பாய்ந்து, குப்பியில் இருக்கும் பெரிய மருந்தைப் பற்றவைக்கிறது. அதன் வாயு குண்டைத் தள்ளுகிறது.

'அப்படின்னா பெரிய நெருப்பா போட்டுட்டா போச்சு!' என்பீர்கள். அங்கேதான் சிக்கல். சில மருந்துகள் ஈர விறகு மாதிரி, லேசில் பற்றாது. உருண்டை உருண்டையாக இருக்கும் பால் பவுடர் (குடிக்கிற பால் இல்லை சார், பந்து!) அந்த ரகம். பெரிய குப்பி, கடுங்குளிர் என்றாலும் கஷ்டம்தான். அதற்கென்றே சூடு அதிகமான 'மேக்னம்' ப்ரைமர் விற்கிறார்கள். சின்னக் குப்பிக்கு அதைப் போட்டால் கற்பூரத்துக்கு கொள்ளிக்கட்டை நீட்டின மாதிரி.

ஆகவே பலத்தைவிட முக்கியம், ஒழுங்கு. தினமும் சரியாகப் பத்து நிமிஷம் லேட்டாக வரும் பஸ்ஸை நம்பி ஆபீஸ் போய்விடலாம். ஒரு நாள் சீக்கிரம், ஒரு நாள் லேட் என்று வரும் பஸ்ஸை நம்பினால் மேனேஜரிடம் அர்ச்சனைதான். ப்ரைமரும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு நெருப்பு என்றால் ஒவ்வொரு குண்டும் ஏறக்குறைய ஒரே வேகம். ஃபெடரல், சி.சி.ஐ. போன்ற கம்பெனிகள் 'மேட்ச்', 'பெஞ்ச்ரெஸ்ட்' என்று தனி லேபிள் ஒட்டி விற்பது இந்த ஒழுங்கைத்தான்.

நூறு கஜத்தில் வேக வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அந்த தூரத்தில் 1973-லேயே மேக் மெக்மில்லன் என்பவர் ஐந்து குண்டுகளை 0.009 அங்குலத்துக்குள் சேர்த்துவிட்டார். ஐந்தும் ஒரே ஓட்டை என்றே சொல்லலாம். அந்த ரெக்கார்டு 2013 வரை நாற்பது வருஷம் நின்றது! ஆயிரம் கஜத்தில்தான் சாயம் வெளுக்கும். .308 ரக ரைஃபிளில் விநாடிக்கு 2,600 அடி வேகத்தில் போகிற குண்டு, வெறும் 30 அடி வேகம் குறைந்தால் போதும், சுமார் ஒரு சாண் கீழே போய் விழும். எஃப்-கிளாஸ் போட்டியில் அந்த தூரத்துக்குப் பத்து மார்க் வட்டமே 10 அங்குலம்தான். மேல் விளிம்பைத் தொட வேண்டியது கீழ் விளிம்புக்கு வந்து நிற்கும்.

பி.காம். எங்கே உதவுகிறது?

சரி, எந்த ப்ரைமர் நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெரும்பாலானவர் செய்வது இது: இந்த பிராண்டில் மூணு ரவுண்டு, அந்த பிராண்டில் மூணு ரவுண்டு. எது நெருக்கமாக விழுந்ததோ அதற்கு மாலை மரியாதை.

காலேஜில் 'இதெல்லாம் எங்கே உதவப்போகிறது?' என்று கொட்டாவி விட்டுப் படித்தோமே, ஸ்டாண்டர்டு டீவியேஷன், அது இங்கே உதவுகிறது. ஒரு தோட்டாவின் நிஜமான டீவியேஷன் 10 அடி என்று வையுங்கள். மூணு ரவுண்டு சுட்டால் அதிக வேகத்துக்கும் குறைந்த வேகத்துக்கும் இடைவெளி சராசரியாக 17 அடி. அதே தோட்டாவைப் பத்து ரவுண்டு சுட்டால் 31 அடி. தோட்டா கெட்டுப்போகவில்லை. மூணு ரவுண்டு முழு உண்மையைச் சொல்லவில்லை, அவ்வளவே.

இன்னும் கேளுங்கள். ஐந்து ரவுண்டு சுட்டு, டீவியேஷன் 10 என்று கருவி காட்டினால், நிஜம் 6 முதல் 29 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்கிறது கணக்கு, 95 சதவீத நம்பிக்கையோடு! முப்பது ரவுண்டு சுட்டால்தான் 8 முதல் 13 என்று சுருங்குகிறது. ஆக, 'இந்த ப்ரைமர் போட்டதும் குறி பாதியாச்சு' என்று மார்தட்டுபவர்களில் பலர் கண்டுபிடித்தது ப்ரைமரை அல்ல, அதிர்ஷ்டத்தை.

விளையாட்டு வினையாகலாம்

இதில் காசு மட்டும் போவதில்லை. 2020-21-ல் அமெரிக்காவில் ப்ரைமருக்குக் கடும் தட்டுப்பாடு. கடைக்குப் போனால் காலி அலமாரிதான். 'கிடைத்ததைப் போடு' என்கிற மனநிலை வருவது சகஜம். ஆனால் ப்ரைமரை மாற்றினால் குப்பிக்குள் அழுத்தமும் மாறும். உச்ச அளவு மருந்தோடு சூடான ப்ரைமர் கூட்டுச் சேர்ந்தால் ரைஃபிளுக்கும் ஆபத்து, பின்னால் இருக்கும் முகத்துக்கும் ஆபத்து. அதனால்தான் ஹேண்ட்லோடிங் கையேடுகளில் மருந்து அளவோடு ப்ரைமர் பெயரையும் சேர்த்தே அச்சிடுகிறார்கள். ப்ரைமரை மாற்றினால் மருந்தைக் குறைத்து, மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும் என்பது பாலபாடம்.

விவரமானவர்கள் செய்வது வேறு. ப்ரைமரை ஒவ்வொரு குப்பியிலும் ஒரே ஆழத்தில் உட்கார வைக்கிறார்கள். இரண்டு பிராண்டையும் மாற்றி மாற்றிச் சுடுகிறார்கள், காற்றும் வெயிலும் குழல் சூடும் ஒருவருக்கே சாதகமாகிவிடக் கூடாது என்று. எண்ணிக்கை முப்பதைத் தொடும்வரை வாயைத் திறப்பதில்லை.

நமக்கு ரைஃபிளும் இல்லை, ப்ரைமரும் இல்லை. ஆனால் மூணு தடவை பலித்த ஷேர் டிப்ஸை நம்பி பி.எஃப். பணத்தை எடுக்கலாமா என்று யோசிக்கும் நண்பர் எல்லா ஆபீஸிலும் ஒருத்தர் இருப்பார். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

'எத்தனை ரவுண்டு சுட்டுப் பார்த்தீங்க சார்?'