ஒலிபெருக்கியில் முரலொலி

திருப்பதியிலும் சித்தூரிலும் பல வீடுகளில் பொழுது புலர்வதே எம். எஸ். சுப்புலட்சுமி பாடிய வேங்கடேச சுப்ரபாதத்தோடுதான். அதனடியில் ‘ம்ம்ம்’ என்று எழும் முரலொலியைத் தம்பூராவின் சுருதி எனக் கருதிவிடலாகாது. சுருதி பாட்டோடு நின்றுவிடும்; முரலொலியோ பாட்டு முடிந்த பின்னும் தொடரும். நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைகிறது. அவ்வலைவே ஒலியாகக் கேட்கிறது.

மின்விசையை அணைத்து, கணினியிலிருந்து பெருக்கிக்கு வரும் ஒலிக்கம்பியைக் கழற்றிவிட்டு, பெருக்கியை மீண்டும் இயக்குக. முரலொலி நின்றிருந்தால் பழுது பெருக்கியில் இல்லை. பெரும்பாலும், இரு கருவிகளையும் வெவ்வேறு இடங்களில் செருகியதால் அவற்றின் புவித்தொடுப்புக் கம்பிகள் ஒலிக்கம்பி வழியே வளையமாகியிருக்கும். இரண்டையும் ஒரே மின்பலகையில் செருகினால் தீரும்.

சிலர் செருகியின் பருத்த மூன்றாம் முனையையே நீக்கிவிடுவர். ஒலி அடங்கும், கசியும் மின்சாரம் நிலத்திற்குச் செல்லும் வழியும் அடைபடும். பின்னர்க் கருவியின் உலோக உறையைத் தொடுபவரே அவ்வழியாவார்.