ஹார்ட்வேர் இன்ஜினியர் ஆக விருப்பமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் சிலருக்கு, கேபினெட்டின் உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்கும் ஆசை வந்துவிடும். அப்படிப் பார்த்தவர்களில் ஓரிருவருக்கு, இதையே தொழிலாக எடுத்துக் கொண்டால் என்ன என்றும் தோன்றும். என் சர்வீஸ் கடைக்கு வரும் மாணவர்களும் பெற்றோர்களும் அடிக்கடி கேட்பது இதைப் பற்றித்தான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பம் தீர வேண்டும். இந்தப் பெயரில் இரண்டு வேறு வேலைகள் உள்ளன. ப்ராசசர், மதர்போர்டு ஆகியவற்றை வடிவமைப்பது ஒன்று. இதற்கு எலெக்ட்ரானிக்ஸ் போன்ற பிரிவில் பொறியியல் பட்டம் வேண்டும். சிப் வடிவமைப்புக்குப் போக விரும்பினால் வி.எல்.எஸ்.ஐ. பிரிவில் மேற்படிப்பு கை கொடுக்கும். பழுதான கம்ப்யூட்டரைச் சரி செய்வது மற்றொன்று. நம் ஊரில் இவரையும் இன்ஜினியர் என்றுதான் அழைக்கிறோம். பையன் எதற்கு ஆசைப்படுகிறான் என்று கேட்காமல் பணம் கட்டிவிடாதீர்கள்.

இரண்டாவது வேலைக்குப் பட்டம் கட்டாயமில்லை. ஐ.டி.ஐ.யில் கம்ப்யூட்டர் ஹார்ட்வேர் மற்றும் நெட்வொர்க் பராமரிப்புக்கு ஓராண்டுப் பயிற்சி உண்டு. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ இன்னும் நல்ல அடித்தளம். காம்ப்டியா அமைப்பின் ஏ பிளஸ் சான்றிதழ் 1993 முதல் இருக்கிறது. இதற்கு இரண்டு தேர்வுகள் எழுத வேண்டும். தனியார் பயிற்சி மையம் என்றால் பழுதான போர்டை உங்கள் கையில் எத்தனை மணி நேரம் தருவார்கள் என்று கேளுங்கள். திரையில் படம் காட்டியே வகுப்பு நடத்துபவர்கள் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஏனென்றால் இந்தத் தொழிலில் பாகத்தை மாற்றுவது சின்ன வேலை. எது பழுது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். டி.டி.பி. கடை நடத்தும் ஓர் அம்மா கம்ப்யூட்டரோடு வந்தார். ஆன் செய்தால் மின்விசிறி சுற்றும். திரையில் ஒன்றும் வராது. வேறொரு கடையில் மதர்போர்டு போய்விட்டது, புதிது போட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவருக்கு அது ஒரு மாத வருமானம். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் 12 வோல்ட் லைனில் 10.6 தான் இருந்தது. 11.4க்குக் கீழே போகக் கூடாது. எஸ்.எம்.பி.எஸ். மாற்றியதும் ஓடத் தொடங்கிவிட்டது. உள்ளே என்ன நடக்கிறது என்று வாடிக்கையாளருக்குத் தெரியாது. நாம் சொல்வதுதான் அவருக்கு உண்மை. இந்தப் பொறுப்பு பிடிக்காதவர்கள் வேறு தொழில் பார்ப்பது நல்லது.

வேலை குறைந்துவிட்டதா என்றும் கேட்கிறார்கள். மாறிவிட்டது என்பேன். இப்போது பல லேப்டாப்களில் ராம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு வருகிறது. கழற்றி மாட்டும் வேலை அங்கே இல்லை. மைக்ரோ சால்டரிங் தெரிந்தவருக்கு மட்டுமே அதில் இடம். இன்னொரு பக்கம், விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்குமா, டி.பி.எம். 2.0 இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிப் பழைய கம்ப்யூட்டர்கள் வருகின்றன. கூடவே நெட்வொர்க்கிங், சி.சி.டி.வி., டேட்டா மீட்பு ஆகியவற்றையும் கற்றுக் கொண்டால் கை சும்மா இருக்காது.

ஆர்வம் நிஜம்தானா என்று பார்க்க, பயனில்லாமல் கிடக்கும் பழைய டெஸ்க்டாப் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். மின் இணைப்பை எடுத்துவிட்டு, பெயின்ட் இல்லாத கேபினெட் உலோகத்தைத் தொட்டு உடலில் உள்ள நிலை மின்சாரத்தை இறக்குங்கள். கேபிள்களைப் போட்டோ எடுத்த பின் கழற்றி, மறுபடி மாட்டி ஓட விடுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.