விண்வழித் தொழில்கள் – 7: கையொப்பமிடும் உரிமை

சென்ற வாரம் விமானிகளின் பயிற்சியைப் பற்றிப் பார்த்தோம். அவ்விமானி நம்பி ஏறி அமரும் இயந்திரத்தைப் பறக்கத் தகுதியுள்ளதென்று ஒப்படைக்கிறவரைப் பற்றி இவ்வாரம் பார்ப்போம். விமானத்தைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள் ஹாங்கரில் பலர் இருப்பார்கள். ஆயினும் வேலை முடிந்தபின் ஏட்டில் கையொப்பமிட்டு அதைப் பிரயாணத்துக்கு விடுவிக்கும் அதிகாரம், நம் தேசத்தில் டி.ஜி.சி.ஏ. (சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம்) வழங்கும் ஏ.எம்.இ. (விமானப் பராமரிப்புப் பொறியாளர்) லைசென்ஸ் உடையவருக்கே உண்டு.

பிளஸ் டூவில் பௌதிகம், ரசாயனம், கணிதம் பயின்றவர் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் சேரலாம். உடற்பகுதியும் என்ஜினும் 'பி1' பிரிவு. மின்சாரமும் மின்னணுக் கருவிகளும் 'பி2'. ஒவ்வொரு பரீட்சைத் தாளிலும் நூற்றுக்கு 75 பெற்றாக வேண்டும். அதன் பிறகும், பறந்துகொண்டிருக்கும் விமானங்களில் வேலை செய்து பெற்ற அனுபவத்தைக் காட்டினாலொழிய லைசென்ஸ் கிட்டாது. கிட்டிய பின்னரும், ஏர்பஸ் ஏ320க்குத் தனிப் பயிற்சி பெற்றவர் போயிங் 737க்குக் கையொப்பமிட இயலாது.

இத்தனை நிபந்தனைகள் எதற்கென்று கேட்போருக்கு 1990 ஜூன் 10ஆம் தேதி நிகழ்ந்ததைச் சொல்ல விரும்புகிறேன். அன்று பர்மிங்ஹாமிலிருந்து மலாகாவுக்குப் புறப்பட்ட ஒரு பிரிட்டிஷ் விமானம் 17,300 அடி உயரத்தை எட்டியபோது, தலைமை விமானியின் முன்கண்ணாடி பெயர்ந்து பறந்தது. வெளியே இழுக்கப்பட்ட அவரைச் சிப்பந்திகள் காலைப் பற்றிப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். விமானி உயிர் தப்பினார். விசாரணையில் தெரியவந்தது இது: அக்கண்ணாடியைச் சமீபத்தில்தான் இரவுப் பணியில் மாற்றிப் பொருத்தியிருந்தார்கள், அதைப் பிணைத்த 90 போல்ட்டுகளில் 84, ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 26 பங்கு மெலிந்தவை, மற்ற ஆறும் நீளம் குறைந்தவை. பொருத்தியவர் கற்றுக்குட்டியல்லர், அனுபவம் முதிர்ந்த மேற்பார்வையாளர். உதிரிப்பாகப் பட்டியலைப் புரட்டாமல், கழற்றிய போல்ட்டோடு கண்ணளவில் ஒப்பிட்டே எடுத்துவிட்டார். திறமையும் அனுபவமும் கூடச் சிரத்தைக்கு ஈடாகா என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சியம் வேண்டுவதில்லை. களைப்பு, அவசரம், பழக்கத்தின் மிதப்பு ஆகியவை மனிதனை எவ்வாறு தவறச் செய்கின்றன என்பதை 'மனிதக் காரணிகள்' என்ற தனிப் பாடமாகவே இன்றைய மாணவன் படித்துத் தேற வேண்டியிருக்கிறது. பாடத்திட்டத்திலேயே அதி முக்கியமானது அதுதான் என்பது என் திடமான அபிப்பிராயம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பயிற்சி முடித்ததற்கான சான்றிதழ் வேறு, லைசென்ஸ் வேறு. முன்னதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் காத்திருக்கும் இளைஞர்கள் உண்டு. பிள்ளையைச் சேர்க்குமுன், அந்நிலையத்துக்கு எந்தப் பிரிவில் டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் இருக்கிறது, இயங்கும் விமானத்தில் அனுபவம் எங்கே கிடைக்கும் என்ற இரண்டையும் கேளுங்கள்; பதிலை எழுத்தில் பெறாமல் கட்டணம் செலுத்தாதீர்கள்.