சாந்து காணாத கல்மதில்கள்

இத்தாலியின் தென்பால் அல்பெரோபெல்லோ என்றோர் ஊர் உண்டு. சாந்து சிறிதுமின்றிச் சுண்ணக்கற்களை அடுக்கியே சுவரும் கூம்புக் கூரையும் அமைத்த வீடுகள் அங்கே நிறைந்துள்ளன. 'துருல்லி' எனப்படும் அவற்றை யுனெஸ்கோ 1996ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. அவற்றின் நிழற்படங்களைக் கண்டு கொட்டாஞ்சேனையில் என் மாணாக்கர் வியந்தனர். "நம் நெடுந்தீவு மதில்களை எத்தனை பேர் படம்பிடித்தீர்கள்?" என்று வினவினேன். ஒருவரும் வாய்திறந்திலர்.

சென்ற விடுமுறையிற் குறிகட்டுவான் துறையிற் படகேறி, அவருட் சிலரோடு அத்தீவை அடைந்தேன். அங்கே மேல்மண் சொற்பம், கீழே முருகைக்கல். நிலந்திருத்தியோர் பெயர்த்த கல்லையே வளவு சுற்றி அடுக்கினர். கல்லின் பாரமும், ஒன்றையொன்று கவ்வும் பாங்குமே மதிலைத் தாங்குகின்றன. கடற்காற்று இடைவெளிகளூடே புகுந்து போகும். ஆடுமாடு பயிரை அணுகா.

உச்சி வெயிலில் எடுத்த படங்களில் மதில் வெறும் வெண்பரப்பாயிற்று. மாலைச் சாய்கதிரிலோ ஒவ்வொரு கல்லும் தன் நிழலோடு பிரிந்து நின்றது. உயரம் விளங்க ஒரு மாணவனை அருகே நிறுத்தினோம். மதில் சரிந்த இடமே எமக்கு நல்லாசிரியனாயிற்று. பெருங்கற்களுக்கிடையே சிறுகற்கள் செருகிய முறை அங்கேதான் புலப்பட்டது.

அதனைத் திருத்திக்கொண்டிருந்த முதியவர், "பெடியளுக்கு உதுக்குப் பொறுமையில்லை ஐயா, முள்ளுக்கம்பி அடிச்சிட்டுப் போயிடுவாங்கள்" என்றார். அவர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பொருந்தும் முகத்தைத் தெரிந்து வைத்த படிகளையே அதன்பின் வரிசையாய்ப் படம்பிடித்தோம்.

இது புதிய நெறியன்று. கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, இடைக்காலச் சிங்களக் கலை பற்றி 1908இல் வெளியிட்ட பெருநூலுக்கு அவர்தம் மனைவியார் எதெல் எடுத்த படங்கள் துணைநின்றன. கலைப்பொருளோடு கைவினைஞர் தொழில்புரியும் நிலையும் அவற்றிற் பதிவாயிற்று.

ஆசிரியர்காள்! அடுத்த விடுமுறையில் உங்கள் மாணாக்கரை அழைத்துச் செல்லுங்கள். படந்தோறும் இடமும் நாளும் எழுதச் செய்யுங்கள். அடுக்குவோர் வழங்கும் தொழிற்சொற்களையும் கேட்டுக் குறிக்கச் செய்யுங்கள். முள்ளுக்கம்பி மதிலின் இடத்தைப் பிடிக்கும்போது அச்சொற்களும் வழக்கொழியும். அவற்றை எவ்வகராதியிலிருந்து பின்னர் மீட்போம்?