பிளீஸ் துணியின் ஓரத்தை உறுதியாகத் தைத்தல்

நலன்புரி நிலையத்திலோ அதற்கு முன்னரோ தையல் பழகிய பலர், ஊர் திரும்பியதும் அதையே வருமான வழியாகத் தெரிவு செய்கின்றனர். ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சும் பிளீஸ் துண்டுகளில் குழந்தைச் சட்டை, தொப்பி, போர்வை ஆகியவற்றைத் தைக்கலாம். ஆனால் இது இழுபடும் துணி. சாதாரண நேர்த்தையலில் ஓரம் மடித்த சட்டையைத் தலையால் இழுத்துப் போடும்போது நூல் அறுந்துவிடும். அப்படி ஒரு சட்டை திரும்பி வந்தால் அந்த வீட்டாரின் அடுத்த ஓடர் உங்களுக்குக் கிடைக்காது.

துணியை அறிந்துகொள்ளுங்கள்

இரு பக்கமும் மென்மயிர் உள்ள பொலியெஸ்ரர் பிளீஸ், வெட்டிய இடத்தில் நூல் பிரியாது. எனவே ஓரத்தை இரண்டு தடவை மடிக்கவோ முதலில் ஓவர்லொக் அடிக்கவோ தேவையில்லை. ஒரு மடிப்பே போதும். உட்பக்கம் மட்டும் மென்மயிர் உள்ள பருத்திக் கலப்புத் துணியில் வெட்டோரம் சுருளும், பஞ்சும் உதிரும். அதன் ஓரத்தை நூலால் மூடுவது அவசியம்.

கவர்ஸ்ரிச் இயந்திரம் செய்வது என்ன?

தொழிற்சாலைகளில் இதைப் ‘பிளாட்லொக்’ என்றும் சொல்வார்கள். இதில் பொபின் இல்லை. மேலே இரண்டு அல்லது மூன்று ஊசிகளும் கீழே ஒரு லூப்பரும் உண்டு. துணியின் மேற்பக்கத்தில் இணையான தையல் வரிகள் விழும். அடிப்பக்கத்தில் லூப்பர் நூல் பின்னலாக ஓடி வெட்டோரத்தை மூடும். இந்தப் பின்னல் துணியோடு சேர்ந்து இழுபடுவதால் நூல் அறுவதில்லை.

தைக்கும் முறை

1. முனை உருண்ட ஊசி பயன்படுத்துங்கள். நடுத்தரத் தடிப்புத் துணிக்கு 14ஆம் இலக்கம் பொருந்தும். கூர் ஊசி பின்னல் கண்ணை அறுத்துத் துளையாக்கும்.
2. ஓரத்தை 2 முதல் 2.5 சென்ரிமீற்றர் வரை உட்பக்கம் மடித்து ஊசி குத்துங்கள். பொலியெஸ்ரர் பிளீஸில் சூடான அயன்பெட்டியை வைத்தால் துணி உருகிவிடும்.
3. தையல் நீளத்தை 3 முதல் 3.5 மில்லிமீற்றராக வைத்து, பாதத்தின் அழுத்தத்தைக் குறையுங்கள்.
4. முன் பற்கள் பின் பற்களைவிட அதிகமாகத் துணியைத் தள்ளும்படி அமையுங்கள். இல்லாவிட்டால் ஓரம் அலை அலையாக விரியும்.
5. நல்ல பக்கம் மேலே இருக்கட்டும். உள்ளே உள்ள வெட்டோரம் இரு ஊசிகளுக்கும் நடுவே அகப்பட வேண்டும். கையால் துணியை இழுக்காதீர்கள்.
6. பக்கத் தையல் குறுக்கிடும் தடித்த இடத்தில் வேகத்தைக் குறையுங்கள்.
7. சுற்றி வந்ததும் தொடங்கிய தையலின்மேல் 2 சென்ரிமீற்றர் தைத்து நிறுத்துங்கள். ஊசி நூல்களை அடிப்பக்கம் இழுத்து, லூப்பர் நூலோடு சேர்த்து முடிச்சிடுங்கள். இது சங்கிலித் தையல்; முடிவு கட்டப்படாவிட்டால் ஓரிடத்தில் இழுக்க முழுவதும் கழன்றுவிடும்.

முதலில் ஒரு வெட்டுத்துண்டில் தைத்து இழுத்துப் பாருங்கள். நூல் அறுந்தால் நூல் இறுக்கத்தைத் தளர்த்துங்கள். இரு வரிகளுக்கு நடுவே துணி மேடாக எழும்பினால் லூப்பர் நூல் இறுக்கம் அதிகம் என்று அறியலாம். தையல் தவறி விழுந்தால் ஊசியை மாற்றி, நூலை மீண்டும் கோர்த்துப் பாருங்கள். வேலை முடிந்ததும் லூப்பரைச் சுற்றிச் சேரும் பஞ்சைத் தூரிகையால் அகற்றுங்கள்.

இந்த இயந்திரம் இல்லாதவர்கள்

சிக்சாக் இயந்திரம் இருந்தால் அதில் இரட்டை ஊசி பூட்டித் தைக்கலாம், அல்லது அகலம் குறைந்த சிக்சாக் தையல் போடலாம். மிதி இயந்திரம் மட்டும் இருந்தால் பொலியெஸ்ரர் நூலும் நீண்ட தையலும் பயன்படுத்தி, துணியைச் சற்று இழுத்துப் பிடித்துத் தையுங்கள். பொலியெஸ்ரர் பிளீஸ் போர்வைக்கு மடிப்பே வேண்டாம். ஓரத்தைக் கையால் கொக்கித் தையலிட்டு முடிக்கலாம்.

வாங்குவதற்கு முன்

வாழ்வாதார உதவிப் பணம் முழுவதையும் இந்த இயந்திரத்தில் போடாதீர்கள். இதனால் நேர்த்தையல் போட முடியாது. ஆகவே இது இரண்டாவது இயந்திரமாகவே பயன்படும். பாவித்த இயந்திரமானால், உங்கள் துணியைக் கொண்டுபோய்த் தைத்துப் பார்த்து வாங்குங்கள். மோட்டர் வீட்டு மின்சாரத்தில் இயங்குமா, உதிரிப்பாகம் கிடைக்குமா, திருத்துபவர் அருகில் உள்ளாரா என்பதையும் கேளுங்கள். வன்னியில் பிளீஸ் உடுப்பு மார்கழி, தை மாதக் குளிரில்தான் தேடப்படும். நுவரெலியா, ஹற்றன் போன்ற குளிர் இடங்களில் ஆண்டு முழுவதும் தேவை உண்டு. விற்கும் இடத்தை உறுதிப்படுத்திய பின்னர் துணியைச் சேருங்கள்.

எச்சரிக்கை: பொலியெஸ்ரர் பிளீஸ் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். இந்த உடுப்புடன் பிள்ளைகளை விறகடுப்புக்கும் குப்பி விளக்குக்கும் அருகில் விடாதீர்கள். வாங்குபவரிடமும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.